தாழ்ப்பாள் இருக்கும் பக்கம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கடல் மேல் ஆணை, கோயில் மணி மேல் ஆணை, என் இரண்டு முழங்கால்கள் மேல் ஆணை, என்னிடம் இப்போது விலைமதிப்பாக இருப்பவை அவை இரண்டும்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை, கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி மனதுக்குள்தான் சொல்கிறேன், ஆனால் மனதுக்குள் எவ்வளவு சத்தம் போட முடியுமோ அவ்வளவு சத்தமாக. ஊரில் என்னைப் புளுகு பாக்கியம் என்பார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பாக்கியநாதன் என்ற பெயர் தபால்காரருக்கே மறந்துபோயிற்று. எங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் வந்து பார்ப்பீர்கள், பார்த்தால் தட்டுவீர்கள், தட்டக்கூடாத கதவு ஒன்று இப்போது அங்கே இருக்கிறது. கடலோரம், எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் துணிக்கும் மிளகுக்கும் வந்து எழுப்பிய கோட்டை, அதற்குள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடும் தெருக்கள், ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வீடுகள். ‘கோட்டைக்குள்’ என்றால் எங்கள் பக்கத்தில் பஸ் கண்டக்டருக்கும் தெரியும், அது போதும். சாப்பாடு ஆயிற்று. எதிர்வீட்டு ரஹ்மத் பீவி கொடுத்தனுப்பிய சுறாப்புட்டின் வாசனை விரலில் இருக்கிறது. வெயில் தெருவில் ஆள் மாதிரி நிற்கிறது. நான் காதைக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறேன். தாழ்ப்பாள் சத்தம் வரவேண்டும். தினமும் இந்த நேரத்துக்கு வரும், தபித்தாளை அடக்கம் பண்ணின மறுநாளிலிருந்து ஒரு நாள் தப்பாமல் வரும். இன்றைக்கு வருமா என்று தெரியவில்லை, ஏனென்றால் அந்தத் தாழ்ப்பாள் இருந்த கதவையே காலையில் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதே இடத்தில் புதுக்கதவு நிற்கிறது. வேப்பமரம், கசப்பு வாசனை, பளபளவென்று எண்ணெய். உள்பக்கம் தாழ்ப்பாள், பித்தளை. “இனிமே நீங்களே உள்ள போட்டுக்கலாம் தாத்தா, ராத்திரி அம்மிக்கல்லை முட்டுக்கொடுக்க வேணாம்” என்றாள் மதிவதனி, கட்டட வேலையை மேற்பார்க்க வந்திருக்கும் பெண், நல்ல பெண், வெயிலில் கறுத்துக் கறுத்து இப்போது எங்கள் ஊர்க்காரி மாதிரி ஆகிவிட்டாள். நல்ல கதவுதான். ஆனால் அதில் ஓட்டை இல்லை. பழைய கதவில் எந்தக் காலத்திலோ பூட்டைப் பிடுங்கிய இடத்தில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது, கதவைச் சாத்தினால் அறை இருட்டு, அந்த ஓட்டை வழியாகத் தெரு முழுவதும் உள்ளே வந்து எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். புளுகு என்று நினைத்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள், பாடத்திலேயே இருக்கிறதாம். மேலே தெரு, கீழே வானம். ரஹ்மத்தின் ஆடுகள் கூரையடியில் ஒட்டிக்கொண்டு நடக்கும். சைக்கிள்காரன் வானத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவான். கொடியில் காயும் சேலை மேல்நோக்கித் தொங்கும். மழை நாளில் தண்ணீர் தரையிலிருந்து எழுந்து தெருவுக்குப் போகும், அப்படித்தான் தெரியும். மத்தியானம் முழுவதும் படுத்தபடி ஊரைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்து எனக்கு நேராகப் பார்த்தால்தான் ஊர் தப்பாக இருப்பதுபோல் தோன்றும், ஒருவேளை அதனால்தான் நான் சொல்கிற எதுவும் நேராக வருவதில்லை. இப்போது சுவர் வெறுஞ்சுவர். கடல்காற்றுக்கு உப்புப் பூத்திருக்கிறது, சுண்ணாம்புச் சுவர் அப்படித்தான் பூக்கும், உதிரும், நாங்கள் பெருக்கித் தள்ளிவிட்டு மறுபடி பூசுவோம். சிமெண்டு போட்டால் பூக்காது, ஆனால் சுவருக்கு மூச்சு முட்டி உள்ளே அழுகும், இது கோட்டைக்குள் கைப்பிள்ளைக்கும் தெரியும். உப்பு இன்றைக்கு என்ன உருவத்தில் பூத்திருக்கிறது என்று பார்க்கவே பயமாக இருக்கிறது. பார்க்காதே. காதைக் கொடு. ஆடு கத்துகிறது. பக்கத்து வீட்டில், அதாவது விழுந்து இப்போது மறுபடி எழுப்புகிற கப்பல்காரர் வீட்டில், சுண்ணாம்பு அரைக்கும் சத்தம் நின்றுவிட்டது, ஆட்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்கள். சுண்ணாம்பில் கலக்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறுகிற புளித்த வாசனை சுவரைத் தாண்டி வருகிறது. எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

அந்த வீடு விழுந்த மத்தியானமும் இப்படித்தான் ஆடு கத்தியது. ஐப்பசி அடைமழை விட்டு வெயில் வந்த நாள், ஊறின சுவர் வெயிலில்தான் விழும், மழையில் விழாது. யாரும் உள்ளே இல்லை, கப்பல்காரர் குடும்பம் பினாங்கு போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன. விழும்போது இடி மாதிரி இருக்கும் என்று நினைப்பீர்கள், இல்லை, வயதான ஒருவர் அப்பாடா என்று உட்காருகிற சத்தம். பிறகு தூசி. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, இது நான் கட்டியது இல்லை, நிஜம். கோட்டைக்குள் ஒரு வீடு விழுந்தால் அதை வெளியூர் வியாபாரிக்கு விற்கக்கூடாது, தெருவே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், எடுத்தவன் அதைத் தன் வீட்டில் புழங்க வேண்டும். அதனால் எங்கள் வீடுகள் எல்லாம் செத்த வீடுகளால் ஆனவை. ரஹ்மத் வீட்டுக் கொல்லையில் தேக்குத்தூண் இரண்டு ஆட்டுக்கொட்டிலைத் தாங்கின. குமரேசன் டீக்கடையில் டீ ஆற்றுகிற பளிங்குப் பலகை கப்பல்காரரின் குளியலறைத் தரை. கோயிலில் மணி தொங்கிய உத்திரம் அந்த வீட்டு ஊஞ்சல் தொங்கிய உத்திரம். எனக்கு வாசற்கதவு. முழுக்கதவிலும் ஒரு கப்பல் செதுக்கியிருக்கும், பாய் விரித்து, அடியில் மீன்கள், ஒரு மீனுக்கு மனிதப்பல். வைத்திலிங்க ஆசாரியைக் கூப்பிட்டு மாட்டச்சொல்லிவிட்டு நான் டீக்கடைக்குப் போய்விட்டேன், திரும்பி வந்தால் அந்த ஆள் மூக்குமுட்டக் குடித்துவிட்டு உள்பக்கத்தை வெளியே வைத்து மாட்டி முடித்துவிட்டார். கப்பல் என் கட்டிலைப் பார்க்கிறது, தாழ்ப்பாள் தெருவில் நிற்கிறது. தெரு கூடிச் சிரித்தது. ஆசாரி அழுகிற நிலைமையில் இருந்தார். அப்போது என் நாக்கு தானாக எழுந்தது, அது எழுந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. “சிரிக்காதீங்கடா, அறிவுகெட்டவனுங்களா. விழுந்த வீட்டுக் கதவை இப்படித்தான் மாட்டணும். அந்த வீட்டுல பொழங்குனவங்க கதவத் தேடி வருவாங்க. தாழ்ப்பாளைப் பாத்தா, நாம ஏற்கெனவே உள்ளதான் இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு பேசாம இருந்துடுவாங்க. நேரா மாட்டினவன் வீட்டுக்குள்ள புகுந்துடுவாங்க.” சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அன்றைக்குச் சாயங்காலமே குமரேசனின் அப்பா போன வருஷம் மாட்டிய கதவைக் கழற்றித் திருப்பினார். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக. இன்றைக்கு நீங்கள் கோட்டைக்குள் வந்தால் பாதி வீடுகளில் தாழ்ப்பாள் தெருப்பக்கம் இருக்கும், ஊரைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்களிடம் முந்நூறு வருஷத்து மரபு என்று சொல்கிறார்கள். தெருவில் போகிற எவனும் யாரையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடலாம், யாரும் பூட்டியதில்லை, அப்படி ஒரு ஊர். பூட்டியவள் ஒருத்திதான்.

தபித்தாள். என் பெண்சாதி. ஆசாரி குடித்திருந்ததும் தெரியும், நான் கட்டியதும் தெரியும், அவளுக்குத் தெரியாத பொய் என் வாயில் பிறந்ததில்லை. மத்தியானம் சாப்பாடு ஆனதும் வெளிவேலைக்குக் கிளம்புவாள், மீனோ, கோயில் சுத்தமோ, பஜாரோ. கிளம்பும்போது வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிடுவாள். முதல் நாள் நான் கத்தினேன். “என்னடி இது, கோழியா நான்?” வெளியிலிருந்து, “கோழி முட்டையிடும். நீங்க இடுறது வேற. நான் வர்ற வரைக்கும் ஊருக்குக் கொஞ்சம் பொய் கொறையட்டும்.” தெரு சிரிப்பது சுவரில் தலைகீழாகத் தெரிந்தது. அப்புறம் பழகிவிட்டது. அந்தத் தாழ்ப்பாள் நகரும்போது முதலில் ஒரு இழுப்பு, நடுவில் துரு இருக்கும் இடத்தில் ஒரு திக்கல், பிறகு டக். நான் படுத்து ஊரைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு கிடப்பேன், டீ நேரத்துக்குக் கூரையடியில் அவள் செருப்பு தெரியும், பிறகு சேலை, கிட்டே வர வர அவள் பெரிதாகிக்கொண்டே வருவாள், தலை தரையில், கால் கூரையில், பிறகு ஓட்டைக்கு முன்னால் வந்து நின்றதும் சுவர் இருட்டிவிடும். உடனே திறக்கமாட்டாள். ஓட்டையில் வாயை வைத்துக் கேட்பாள். “இன்னைக்கு எத்தனை?” நான் சொல்ல வேண்டும். “ஒண்ணுமில்ல, யார்கிட்டப் போய்ச் சொல்றது, பல்லிகிட்டயா?” “ஒண்ணுமில்லன்னீங்கள்ல, இதோட ஒண்ணு” என்பாள், திறப்பாள். தினமும் இதுதான். சில புருஷன் பெண்சாதி ஜெபம் பண்ணுவார்கள், எங்களுக்கு இது.

இப்போது மணி என்ன இருக்கும். வெயில் கதவின் அடியில் ஒரு கோடாக வந்துவிட்டது, அந்தக் கோடு கட்டில்காலைத் தொட்டால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். தொடவில்லை. எதையாவது நினை. வேறு எதையாவது. ஆசாரியின் மீசை. மீனுக்கு ஏன் மனிதப்பல் செதுக்கினான். இல்லை, நினைப்பு வழுக்கி அங்கேதான் போகும், தண்ணீர் வாட்டம் பார்த்து ஓடுகிற மாதிரி. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், முன்சுவருக்கு அடிக்கக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கப் போனாள். நான்தான் அடிக்க வேண்டும், கோட்டைக்குள் அவரவர் முன்சுவரை அவரவர்தான் அடிப்போம், கூலிக்கு விட்டால் தெரு பேசும். டீ நேரம். கூரையடியில் செருப்பு தெரிந்தது. கையில் சுண்ணாம்பு வாளி மேல்நோக்கித் தொங்கியது. நடை கொஞ்சம் கோணலாக இருந்தது, வாளியின் கனம் என்று நினைத்தேன். பெரிதாகிக்கொண்டே வந்தாள். சுவர் இருட்டியது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேள்விக்காகக் காத்திருந்தேன். கேள்வி வரவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தேன், நானே தொடங்கினேன். “ஒண்ணுமில்ல தபித்தா.” இருட்டு. “நிஜமாத்தான், ஒண்ணுமில்ல, திற.” இருட்டு அசையவில்லை. ஓட்டையில் அவள் சேலையின் நூல் தெரிந்தது, அவ்வளவு கிட்டே. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாட்டாகவே பாடிவிட்டேன், கொஞ்சுகிற குரலில், கோபமான குரலில், பாதிரியார் குரலில். பிறகு ரஹ்மத்தின் அலறல் கேட்டது. தாழ்ப்பாள் நகர்ந்தது, இழுப்பு, திக்கல், டக், திறந்தது ரஹ்மத். கதவில் சாய்ந்தபடியே போயிருந்தாள், திறந்ததும் என் மேல் விழுந்தாள். கை தாழ்ப்பாளைப் பிடித்திருந்த மாதிரியே வளைந்திருந்தது. சுண்ணாம்பு தெருவெல்லாம் கொட்டி, வெயிலுக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

அடக்கம் பண்ணிவிட்டு வந்த மறுநாள் மத்தியானம் படுத்திருந்தேன். இழுப்பு, திக்கல், டக். எழுந்து இழுத்தேன், கதவு வெளியே பூட்டியிருந்தது. சுவரில் தெரு தலைகீழாக, காலியாக, ஆடு மட்டும். டீ நேரத்துக்குச் சுவர் ஒரு கணம் இருட்டியது, யாரோ ஓட்டையை மறைத்தாற்போல. கேள்வி இல்லை. இழுப்பு, திக்கல், டக், திறந்துகொண்டது. ரஹ்மத்திடம் சொன்னேன். “ஏண்ணே, மையத்து எடுத்த வீட்டுலயுமா ஒங்க புளுகு? அண்ணி கேட்டுச்சுன்னா எந்திரிச்சு வந்து அடிக்கும்” என்றாள், சொல்லிவிட்டு அவளே அழுதாள். குமரேசன் காற்று என்றான். காற்றுக்குத் துரு இருக்கிற இடம் தெரியுமா, அங்கே திக்குமா? அப்புறம் நான் யாரிடமும் சொல்லவில்லை. வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான், நிஜமாக இருந்ததால். தினமும் பூட்டினாள், தினமும் திறந்தாள். கேட்கமட்டும் மாட்டாள். கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தினமும் தயாராக வைத்திருந்தேன். எதற்குப் பயம் என்று கேட்டால் அவள் வருவதற்கு இல்லை, வராமல் நின்றுவிட்டால் என்ன பண்ணுவது என்பதற்குத்தான்.

பிறகு கப்பல்காரர் வீட்டை எடுத்துக் கட்டப்போகிறோம், ஊர்ப்பொதுவில் வைக்கப்போகிறோம் என்று இவர்கள் வந்தார்கள். நன்றாகத்தான் செய்கிறார்கள், சிமெண்டு தொடவில்லை. மதிவதனி வீடு வீடாக வந்து, அந்த வீட்டுச் சாமான் இருந்தால் கொடுங்கள், பதிலுக்குப் புதிது செய்து தருகிறோம் என்றாள். ரஹ்மத் தூணைக் கொடுத்தாள், ஆடுகள் புதுக்கொட்டிலுக்குள் போகமாட்டேன் என்று இரண்டு நாள் தெருவில் நின்றன. குமரேசன் பளிங்கைக் கொடுத்தான். கோயில் உத்திரத்தைக் கொடுத்தது. நான் பிடிகொடுக்காமல் இருந்தேன். ஒரு நாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் குமரேசன், “புளுகுத் தாத்தா குடுக்கமாட்டாரும்மா. கதவு போயிட்டா அவரு கதைக்குச் சாட்சி போயிடும்ல” என்றான். கூட்டம் கெக்கலித்தது. என் நாக்கு எழுந்தது. “எடுத்துக்கிட்டுப் போங்கடா, எவன் வேணாம்னான்?” முடிந்தது. பொய்யன் என்று பெயர் வாங்கலாம், கோட்டைக்குள் சொல் மாறினவன் என்று வாங்கினால் முன்சுவர் அடிக்க ஏணி தரமாட்டார்கள். அதோடு விட்டதா? அந்தப் பெண் கேட்டாள், “தாத்தா, விழுந்த வீட்டுக் கதவைத் திருப்பி மாட்டணும்னு ஊரே சொல்லுது. அந்த வீடே திரும்ப எழுந்துட்டா எப்படி மாட்டணும்?” எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். முந்நூறு வருஷத்து மரபு என் வாயில் இருந்தது. “வீடு எழுந்தா கதவு நேராகும்மா” என்றேன். “நேரா மாட்டின அன்னைக்கு, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் உள்ள போயிடுவாங்க. வெளிய இருக்குறவன் வெளியதான்.” சும்மா, ஓசைக்காகச் சொன்னேன், வாக்கியம் முடியும்போது ஒரு தட்டு தட்டவேண்டுமே என்று. சொல்லி முடித்ததும் என் கையில் இருந்த டீ ஆறிவிட்டது. சாதாரணமாக ஆறுகிற மாதிரி இல்லை, டக்கென்று.

தாழ்ப்பாள் பக்கம் நின்றுகொண்டு இருந்தவள் யார்? தாழ்ப்பாளில் கையை வைத்தபடி போனவள் யார்? அப்படியானால் இத்தனை காலமும் அவள்தான் உள்ளே இருந்திருக்கிறாள், நான்தான் வெளியே படுத்திருந்திருக்கிறேன், கப்பல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததே, கப்பல் தெருவில் இருப்பவனைத்தானே பார்க்கும். சீ, நானே கட்டிய பொய்யில் நானே நடுங்குகிறேன். பொம்மை செய்தவன் அதைப் பார்த்துத் தூக்கத்தில் அலறுகிற மாதிரி. காலையில் நாலு பேர் கதவைத் தூக்கிப்போனார்கள், பிணம் தூக்குகிற நடை, அந்த நடைதான் கனத்துக்கு வரும். அந்த வீட்டு வாசலில் கப்பல் தெருவைப் பார்க்க மாட்டினார்கள். தெரு கைதட்டியது. நானும் தட்டினேன். பிறகு வந்து படுத்தேன். வெயில் கோடு கட்டில்காலுக்கு ஒரு விரல்கிட்டே இருக்கிறது. வராது. இந்தப் புதுத்தாழ்ப்பாளுக்கு அவளைத் தெரியாது. போய்விட்டாள். இந்த வயதில் எதற்கு ஒரு மனிதனுக்கு நாக்கு. கோடு தொடப்போகிறது. ஆடுகூடக் கத்தவில்லை. தொட்டுவிட்டது.

இழுப்பு. திக்கல். டக்.

என் கதவில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம். உப்பு கொஞ்சம் உதிர்ந்து என் தலையணையில் விழுந்தது, இது சத்தியம், இப்போதும் தலையணையில் இருக்கிறது. எழுந்தேன், செருப்பு போடவில்லை, தெரு காலைச் சுட்டது. வேலையாட்கள் வேப்பமரத்தடியில் வாயைப் பிளந்து தூங்குகிறார்கள், எல்லோரும், எண்ணத் தேவையில்லை, ஒருவனும் எழுந்து நடமாடவில்லை. கப்பல் வெயிலில் நிற்கிறது. இத்தனை காலம் இருட்டில் பார்த்த கப்பல், வெளிச்சத்தில் வேறு கப்பலாக இருக்கிறது, பாய் புடைத்து, எங்கேயோ போய் வந்த மாதிரி. தள்ளுகிறேன். அசையவில்லை. உள்ளே போட்டிருக்கிறது. ஓட்டையில் கண்ணை வைக்கிறேன், இருட்டு. கூரை இன்னும் பாதி போடவில்லை, உள்ளே வெயில் இருக்க வேண்டும், இருட்டு. அந்த இருட்டை எனக்குத் தெரியும். அதில் ஒரு நூல் தெரிகிறது. சேலை நூல். கண்ணை எடுத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டையிலிருந்து காற்று வருகிறது, குளிர்ந்த காற்று, கடுக்காய் வாசனை, அதற்கு அடியில் சுண்ணாம்பு, பச்சைச் சுண்ணாம்பு. அவள் போன நாளிலிருந்து கேட்காத கேள்வி, அதே குரலில், கொஞ்சம் மூச்சு வாங்க, வாளி தூக்கி வந்த மாதிரி: “இன்னைக்கு எத்தனை?”

ஒண்ணுமில்ல என்று சொல்ல வாய் தானாகப் போயிற்று. பிடித்து நிறுத்தினேன். அன்றைக்கு அந்த ஒண்ணுமில்லவைத்தான் இருட்டுக்குப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓட்டையில் வாயை வைத்தேன், மரம் குளிர்ந்திருந்தது. “ரெண்டு” என்றேன். “ஒண்ணு ஆசாரிக்காக. இன்னொண்ணு சும்மா, ஓசைக்காக. ரெண்டும் பலிச்சிடுச்சு தபித்தா. திற.” உள்ளே ஒரு சிரிப்பு, மூக்கால் சிரிப்பாளே, அது. தாழ்ப்பாள் நகர்ந்தது. இழுப்பு. துரு இருக்கும் இடம் வரைக்கும் வந்துவிட்டது, திக்கிக்கொண்டு நிற்கிறது, இன்னும் ஒரு நெல் அளவு, நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறேன், என் நிழல்கூடக் கதவுக்குள் போய்விட்டது. “தாத்தா, யார்கிட்டப் பேசுறீங்க?” முதுகுக்குப் பின்னால் மதிவதனி, கையில் தண்ணீர் பாட்டில். நான் திரும்பினேன். நாக்கு எழுந்தது. அறுபது வருஷத்துப் பழக்கம், அது என்னைக் கேட்டா எழும்? “ஒண்ணுமில்லம்மா. மரம் வெயிலுக்கு வெடிக்குதான்னு காது வெச்சுப் பாத்தேன்.”

டக். பூட்டிக்கொண்டது.

அந்தப் பெண் தள்ளிப் பார்த்தாள். “உள்ள தாப்பா விழுந்திருக்கே, யாரு போட்டா?” என்று பின்பக்கமாகச் சுற்றிப் போனாள், உள்ளே நடந்தாள், அவள் செருப்புச் சத்தம் காலி வீட்டில் எதிரொலித்தது, வந்து கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் வெயில், சாரம், சுண்ணாம்புக் குவியல், வேறு எதுவும் இல்லை. “காத்து தாத்தா” என்றாள். ஆமாம்மா, காத்துதான் என்றேனா? இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன், தலையாட்டல் கணக்கில் வராது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். நாளை மத்தியானம் மறுபடி போவேன். அதுவரை வாய் திறக்கப்போவதில்லை, ரஹ்மத் டீ கொண்டுவந்து “என்னாண்ணே, ஒடம்பு சரியில்லயா, சத்தத்தையே காணும்?” என்று கேட்டாள், அவளுக்கும் தலையைத்தான் ஆட்டினேன், பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். துருவுக்கு அந்தப் பக்கம் ஒரு நெல் அளவுதான் பாக்கி. அதனால்தான் உங்களிடமும் மனதுக்குள்ளேயே சொன்னேன். சொன்னது அத்தனையும் நிஜம், நிஜம் கணக்கில் ஏறாது. ஆனால் நீங்கள் யாரிடமாவது சொல்லி, அவர்கள் எவன் சொன்னான் என்று கேட்டு, நீங்கள் என் பெயரைச் சொன்னீர்கள் என்றால், அந்த இடத்திலேயே சிரித்துவிடுவார்கள், புளுகு என்றுவிடுவார்கள், என் வாயிலிருந்து வந்தது என்றால் நிஜம்கூடப் பொய்யாகிவிடும், ஒன்று கூடிவிடும், உள்ளே இருப்பவளுக்குக் காது கூர்மை. கதையை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், கடலில் போட்டாலும் சரி. சொன்னவன் பெயரைமட்டும் நாளை மத்தியானம்வரை விழுங்கிவைத்திருங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.